மரத்தில் சுத்தமாக இருந்த மாங்காய் மண்டியில் கறுப்பது ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் இரண்டு ஏக்கர் பங்கனபள்ளி. பறிக்கும்போது ஒரு புள்ளி கிடையாது. மண்டியில் ஐந்தாம் நாள் கறுப்புப் புள்ளி, காம்படியில் அழுகல். கமிஷன்காரர் விலையில் கழிவு போட்டுவிடுகிறார். பழத்தை முக்கி எடுக்க ஒரு மருந்து இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் புள்ளி நேற்று வந்ததல்ல. பூவும் பிஞ்சுமாக இருந்தபோது பெய்த மழையிலேயே ஆந்த்ராக்னோஸ் பூசணம் தோலில் குடியேறிவிட்டது. காய் அதைக் கொல்லவில்லை, அடக்கி வைத்திருந்தது. பச்சைத் தோலில் உள்ள ரெசார்சினால், டானின் வகைகள் பூசணத்துக்கு ஆகாதவை. பழுக்கப் பழுக்க அவை குறையும். பூசணம் எழுந்துகொள்ளும்.

சொனையும், அதாவது காம்பில் வடியும் பாலும், காய்க்குக் காவல்தான். பூசணத்தின் சுவரைக் கரைக்கும் நொதி அதில் இருக்கிறது. சொனை வடியாமல் பறித்த பழங்களில் அழுகல் குறைந்ததை இலங்கை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் தொரட்டியால் இழுத்துத் தரையில் தள்ளாதீர்கள். வலை கட்டிப் பறித்து, இரண்டு சென்டிமீட்டர் காம்பு விட்டு வெட்டுங்கள். காம்படி அழுகல் பூசணத்துக்கு ஒடிந்த காம்பு திறந்த கதவு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொனை நல்லது என்றேன், காய்க்குள் இருக்கும்வரை. காம்பு முட்டோடு ஒடிந்தால் சொனை பீறிட்டு வழியும். பட்ட இடம் வெந்து கறுக்கும். அப்படி ஒடிந்த காயை மற்றதோடு கூடையில் போட்டால் பக்கத்துக் காய்களும் கெடும். தனியே எடுத்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி சாக்கின்மேல் கவிழ்த்து வடியவிடுங்கள். மண்ணில் வைக்காதீர்கள். அந்தக் காய்களை உள்ளூரிலேயே முதலில் விற்றுவிடுங்கள்.

மருந்துக்குப் பதில் வெந்நீர் போதும். பறித்த அன்றே 52 டிகிரியில் 10 நிமிடம். கைவிட்டுப் பார்த்துச் சூடு சொல்லாதீர்கள், வெப்பமானி வாங்குங்கள். சூடு ஏறினால் தோல் வெந்துவிடும். இதற்கென்றே தொட்டி கட்டிய ஒரு சேகரிப்பு மையத்துக்கு மூன்று சீசன் போயிருக்கிறேன். மூன்று முறையும் பூட்டுதான். சாவி வைத்திருப்பவர் பயிற்சிக்குப் போயிருந்தார். கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

கடைசியாக, கல். பழுக்க வைக்கும் கார்பைடு கல்லுக்கு இந்தியாவில் தடை. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. ஆனால் விலை இருக்கிறதென்று முற்றாத காயை வியாபாரி இறக்கச் சொல்வார், கல் வைத்து நிறம் ஏற்றுவார், கெட்டுப்போனால் 'உன் மரத்தில் நோய்' என்பார். முற்றாத காயைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த லோடு ஏற்றும்போது அதே கூடையில் இருந்து பத்துக் காயை எடுத்து வீட்டில் வைக்கோலில் வையுங்கள். ஐந்தாம் நாள் வீட்டுப் பழமும் புள்ளி விழுந்தால் பூக்கும்போதே மருந்தடிப்பைச் சரிசெய்ய வேண்டும். மண்டியில் மட்டும் விழுந்தால், அந்தப் பத்துப் பழத்தையும் பையில் எடுத்துக்கொண்டு போய்க் கழிவைத் திருப்பிக் கேளுங்கள்.