மாற்று உறுப்பை உடல் ஏற்குமா? ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பற்றிய கேள்வி பதில்

உயிரியல் மாணவி: டாக்டர், மற்ற நோய் எதிர்ப்புச் செல்களின் தாக்குதலை அடக்கும், டி-ரெக் எனப்படும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் எங்கே உருவாகின்றன? மற்ற டி செல்களிலிருந்து எப்போது பிரிகின்றன?

பெரும்பகுதி தைமஸில் உருவாகிறதும்மா. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பியில், வளரும் டி செல்களுக்கு உடலின் சொந்தப் புரதத் துணுக்குகள் காட்டப்படும். மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே இறந்துவிடும். லேசாகப் பற்றுவது சாதாரண டி செல்லாக வெளியேறும். இரண்டுக்கும் நடுவே, ஓரளவு அழுத்தமாகப் பற்றும் செல்லுக்கு சிடி28 என்ற மேற்பரப்புப் புரதம் வழியே துணைச் சமிக்ஞையும் கிடைத்தால், டி செல்களை வளர்க்கும் சமிக்ஞைப் புரதமான ஐஎல்-2-இன் ஏற்பியில் ஒரு பாகமான சிடி25 அதன் மேற்பரப்பில் ஏறும். அடுத்து ஐஎல்-2 வந்து ஒட்டினால் செல்லுக்குள் ஸ்டாட்5 என்ற புரதம் தூண்டப்பட்டு, டி-ரெக்கின் அடையாளத்தைத் தரும் ஃபாக்ஸ்பி3 மரபணு வேலை செய்யத் தொடங்கும். அந்த மரபணுவின் ஒரு பகுதியில், அதை அணைத்துவைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் நீங்கினால்தான் ஃபாக்ஸ்பி3 நிலையாக இருக்கும். நீங்காவிட்டால் அந்தச் செல் நாளை எதிரணிக்கே போய்விடலாம்.

இரண்டாவது வழி தைமஸுக்கு வெளியே, குறிப்பாகக் குடலில். சாதாரண சிடி4 செல்லுக்கு (உதவி டி செல்) டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், ஐஎல்-2, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் ஆகியவை கிடைத்தால் அது டி-ரெக் ஆகும். அதே டிஜிஎஃப்-பீட்டாவுடன் அழற்சிச் சமிக்ஞையான ஐஎல்-6 சேர்ந்தால் அழற்சியைக் கிளப்பும் டிஎச்17 செல் ஆகிவிடும். உறுப்பு மாற்றத்தில் இதுதான் பெரிய சிக்கல். ரத்தமின்றி இருந்த சிறுநீரகத்துக்குள் மீண்டும் ரத்தம் பாயும்போது ஐஎல்-6 ஏராளமாகச் சுரக்கிறது. புது டி-ரெக் உருவாக அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அதே மாணவி: 2025 மருத்துவ நோபல் பரிசு இதற்குத்தானே?

ஆமாம். சிடி25 உள்ள சிடி4 செல்கள், உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயைத் தடுக்கின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர் சகாகுச்சி 1995-இல் காட்டினார். அமெரிக்க ஆய்வாளர்கள் பிரன்கோவும் ராம்ஸ்டெலும் 2001-இல், ஸ்கர்ஃபி என்ற நோயுற்ற எலி வகையில் பழுதாகியிருந்த ஃபாக்ஸ்பி3-ஐக் கண்டுபிடித்தார்கள். மனிதரில் இதே மரபணு பழுதானால் ஐபெக்ஸ் என்ற கடும் நோய் வரும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளையே அது தாக்குகிறது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரின் மனைவி: டாக்டர், என் கணவருக்கு மாற்று சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டு ஆகிறது. ரத்தத்தில் டி-ரெக் எண்ணிக்கை நன்றாக இருந்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாமா?

வேண்டாம்மா. ரத்தத்தில் உள்ள சிடி4 செல்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் டி-ரெக் செல்கள். அந்த எண்ணை வைத்து, சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. கொடையாளரின் திசுவை அடையாளம் காணும் டி-ரெக் அதில் எத்தனை என்பதும் தெரியாது. நிராகரிப்பு, அதாவது உடல் மாற்று உறுப்பைத் தாக்குவது, தொடங்கினால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் உடனே ஏறுவதில்லை. ஓரளவு சேதம் ஆன பிறகுதான் ஏறும். எந்த மாற்றமும் உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது ஒன்று: நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு பார்க்கப் போகும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு.

மருந்தியல் துறை வாசகர்: நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளே டி-ரெக் செல்களையும் கெடுக்கின்றன என்கிறார்களே?

சில கெடுக்கின்றன. டி-ரெக் தனக்கு வேண்டிய ஐஎல்-2-ஐத் தானே தயாரிக்காது. பக்கத்திலுள்ள சாதாரண டி செல்கள் சுரப்பதைக் குடித்துத்தான் வாழ்கிறது. டாக்ரோலிமஸ், ஐஎல்-2 உற்பத்தியைத் தூண்டும் கால்சிநியூரின் நொதியைத் தடுப்பதால் அந்த ஐஎல்-2 வற்றுகிறது. பேசிலிக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து சிடி25-ஐயே மூடுகிறது. வழக்கமாக அறுவை நாளிலும் 4-ஆம் நாளிலும் 20 மி.கி. வீதம் கொடுத்தால் போதும், சில வாரங்களுக்கு டி-ரெக்கின் வாயும் அடைபட்டிருக்கும். பெலாட்டாசெப்ட் என்ற மருந்து, சிடி28-ஐத் தொட்டுத் துணைச் சமிக்ஞை தரும் சிடி80, சிடி86 இரண்டையும் மறைக்கிறது. சாதாரண டி செல்லைத் தடுக்கத்தான் அது, ஆனால் டி-ரெக்குக்கும் அதே சமிக்ஞைதான் உயிர்.

சிரோலிமஸ் விதிவிலக்கு. அது தடுப்பது செல் வளர்ச்சிக்கான எம்டார் பாதையை. டி-ரெக் அந்தப் பாதையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை என்பதால் தப்பிக்கிறது. ஆனாலும் அறுவை முடிந்த கையோடு அதைத் தொடங்கத் தயங்குவார்கள். புண் ஆறத் தாமதமாகும், வாய்ப்புண் வரும், சிறுநீரில் புரதம் போகலாம்.

மாணவர் ஒருவர்: ஐயா, இந்தச் செல்கள் மற்ற செல்களை எப்படி அடக்குகின்றன?

பல வழிகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது டி-ரெக்கின் மேலுள்ள சிடிஎல்ஏ-4 என்ற புரதம். டி செல்களுக்கு அந்நியப் புரதங்களைக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லை ஒட்டி நின்று, டி-ரெக் இதைக் கொண்டு அதன் மேலுள்ள சிடி80, சிடி86 மூலக்கூறுகளைப் பிய்த்துத் தனக்குள் இழுத்துச் செரித்துவிடும். பிறகு வரும் சாதாரண டி செல்லுக்குத் துணைச் சமிக்ஞை கிடைக்காது. இது தவிர ஐஎல்-2-ஐ உறிஞ்சுதல், அடக்கும் சமிக்ஞைகளான ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா சுரத்தல், சிடி39, சிடி73 நொதிகள் கொண்டு ஏடிபி-யை அடக்கும் தன்மையுள்ள அடினோசினாக்குதல் எல்லாம் உண்டு. இவை பெரும்பாலும் கிட்ட நின்று செய்யும் வேலைகள். ஆகவே டி-ரெக் மாற்று உறுப்புக்கோ அதன் நிணநீர் முடிச்சுக்கோ போய்ச் சேராவிட்டால் பயன் குறைவு.

ஆய்வகத் தொழில்நுட்பர்: சிகிச்சைக்கு டி-ரெக் வளர்க்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள் ஐயா. எங்கே தவறும்?

நோயாளியின் ரத்தத்தையோ லுக்காஃபெரிசிஸ் (வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும் முறை) பையையோ எடுத்து, காந்தமணிகளால் முதலில் சிடி8 செல்களை (கொல்லும் டி செல்கள்) நீக்க வேண்டும். பிறகு சிடி25 உள்ளவற்றைப் பிடிக்க வேண்டும். இங்கே ஆன்டிபாடியை வேண்டுமென்றே குறைவாக வைப்பார்கள், சிடி25 அதிகம் உள்ள செல்கள் மட்டும் ஒட்டட்டும் என்று. தாராளமாக ஊற்றினால் கிளர்ச்சியுற்ற சாதாரண டி செல்களும் கூடவே வரும். செல் பிரிப்பான் இருந்தால் சிடி4 உள்ள, சிடி25 மிகுந்த, சிடி127 என்ற மேற்பரப்புப் புரதம் குறைந்த செல்களை எடுங்கள், தூய்மை இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்து, சிடி3, சிடி28 ஆன்டிபாடி பூசிய மணிகளுடனும் அதிக அளவு ஐஎல்-2-உடனும் வளர்ப்பு. பல ஆய்வகங்கள் 100 நானோமோலார் ராபமைசின், அதாவது சிரோலிமஸ், சேர்க்கின்றன. காரணம், கலந்துவிட்ட சாதாரண செல்கள் டி-ரெக்கைவிட வேகமாகப் பெருகும். ராபமைசின் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் விட்டால் தட்டு முழுக்க அவைதான்.

சோதனையில் ஏமாறும் இடம் ஃபாக்ஸ்பி3. மனிதரில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் சில நாள் ஃபாக்ஸ்பி3 காட்டும். எனவே மெத்தில் நீக்கச் சோதனையும் செய்யுங்கள். மாதிரி பெண்ணுடையது என்றால், ஒரு எக்ஸ் குரோமோசோம் செயலற்று மெத்தில் குறிகளோடேயே இருக்கும். தூய டி-ரெக்கிலும் 50 சதவீதம்தான் வரும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல தொகுதியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

அடக்கும் திறன் சோதனைக்குச் சில நாட்கள் ஆகும். புதிதாக ஏற்றும் செல் அதுவரை தாங்காது, உறையவைத்து உருக்கினால் செயல்திறன் குறையும். அதனால் உயிர்ப்பு விகிதம், செல் அடையாளம், எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), மைகோபிளாஸ்மா (ஒரு நுண்ணிய பாக்டீரியா), மிச்ச மணிகள் இவற்றைப் பார்த்தே அனுப்புகிறார்கள்.

இன்னொரு வாசகர்: மனிதரில் பலன் தெரிந்ததா?

தெரிந்திருக்கிறது, அளவோடு. உயிருள்ள கொடையாளரிடம் சிறுநீரகம் பெற்றவர்களிடம் நடந்த 'தி ஒன் ஸ்டடி' என்ற ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. வழக்கமான சிகிச்சை 66 பேருக்கு, பேசிலிக்சிமாபுக்குப் பதில் ஒழுங்குபடுத்தும் செல்கள் 38 பேருக்கு. நிராகரிப்பு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. செல் பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் டாக்ரோலிமஸ் ஒன்றோடு நிற்க முடிந்தது. வைரஸ் தொற்றும் குறைந்தது. மருந்தே இல்லாத நிலையை அது காட்டவில்லை.

ஜப்பானின் ஹொக்கைடோவில் 2016-இல் வெளியான கல்லீரல் ஆய்வில் 10 பேரில் 7 பேர் மருந்தை முழுதாக நிறுத்தினார்கள். அங்கே மண்ணீரலையும் நீக்கி, தாக்கும் டி செல்களைக் கொல்லும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்தும் கொடுத்திருந்தார்கள். தாக்கும் செல்களைக் குறைத்த பிறகுதான் டி-ரெக் ஏற்றினார்கள். நிறுத்த முடியாத மூவருக்கும், கல்லீரலைக் கெடுத்த முதல் நோயே தன்னெதிர்ப்பு வகை. மாறாக, குறைந்த அளவு ஐஎல்-2 மட்டும் கொடுத்து ரத்தத்தில் டி-ரெக்கைப் பெருக்கிய லண்டன் கல்லீரல் ஆய்வில், எண்ணிக்கை கூடியும் மருந்தைக் குறைத்தபோது நிராகரிப்பு வந்தது. எண்ணிக்கையைத் துரத்துபவர்கள் இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அதே வாசகர்: அப்படியானால் கார்-டி-ரெக்?

கொடையாளரின் திசுவை நேராக அடையாளம் காணும் ஏற்பியை டி-ரெக்கில் பொருத்துவது அது. இப்போதைய முயற்சிகள் பெரும்பாலும் எச்எல்ஏ-ஏ2 என்ற திசு அடையாளப் புரதத்தைக் குறிவைக்கின்றன. எனவே கொடையாளருக்கு ஏ2 இருந்து, பெறுபவருக்கு இல்லாதபோதுதான் பொருந்தும். இருவருக்கும் ஏ2 இருந்தால் செல்கள் உடல் முழுக்க இலக்கைக் காணும். கொடையாளரிடம் இல்லாவிட்டால் மாற்று உறுப்பில் பிடித்துக்கொள்ள அவற்றுக்கு ஒன்றும் இருக்காது.