மிராஜ் போர் விமானத்தின் சிறு மாதிரியை ஒட்டிச் செய்யும் பெட்டியை, கிபிர் என்ற இஸ்ரேலியப் போர் விமானமாக மாற்றுவது புதியவருக்கு இயலுமா?

இயலும். ஆனால் "முன்னுக்கு இரண்டு சின்னச் செட்டைகளை ஒட்டினால் போதும்தானே" என்று நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது, ஏனெனில் சில வருடங்களுக்கு முன்னர் நானும் அதையே நம்பி ஒரு நல்ல பெட்டியைப் பாதி பழுதாக்கினேன். உங்களிடமும் உண்மை விமானத்தின் 72 இல் ஒன்று அளவுள்ள மிராஜ் 5 பெட்டிதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கிபிரைச் செய்ய எப்படி மனம் வந்தது என்று சிலர் கேட்பார்கள். 1996 இல் அந்த விமானம் இலங்கை விமானப்படைக்கு வந்தபோது நான் வன்னியில் இடம்பெயர்ந்திருந்த ஒரு பாடசாலைச் சிறுவன். சத்தத்தை வைத்தே இது புக்காரா விமானம், இது கிபிர் என்று பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடியவர்களில் ஒருவன். பயந்து ஒளிந்த பொருளை, 22 சென்ரிமீற்றருக்குள் அடக்கி, மேசையில் வைத்துச் சுற்றிப் பார்க்க விரும்பினேன். அதில் போற்றுதல் எதுவும் இல்லை. கிபிர் பெட்டியே நேரடியாக விற்கிறதே என்பவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் லண்டனில் இருந்து மச்சான் கொண்டுவந்து தந்தது மிராஜ். அன்போடு தந்ததை மாற்றித் தா என்று கேட்க முடியாது.

முதல் முயற்சியில், பழைய தொலைபேசி அட்டை ஒன்றை வெட்டி இரண்டு செட்டைகள் செய்து, இயந்திரத்துக்குக் காற்றை உள்ளெடுக்கும் பக்கவாட்டுக் காற்று வாய்களின் மேற்பக்கத்தில் ஒட்டி, நிறமும் பூசி முடித்துவிட்டேன். தூரத்தில் வைத்துப் பார்த்தபோது அது செட்டை முளைத்த மிராஜாகவே இருந்தது. இரண்டு இரவுகள் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் என் தவறு விளங்கியது. முதலில் வந்த கிபிர் வகைக்கு அந்தச் செட்டைகளே இருக்கவில்லை, பின்னர் வந்த சி.2 வகையில்தான் அவை வந்தன. அப்படியானால் அதற்கு முன்னரே அதைக் கிபிர் ஆக்கியது வேறொன்று, அதுதான் இயந்திரம்.

இஸ்ரேல் வாங்கவிருந்த 50 மிராஜ் 5 விமானங்களை, 1967 போருக்குப் பின்னர் பிரான்ஸ் தராமல் நிறுத்திக்கொண்டது. அந்த உடலமைப்பிலேயே பிரெஞ்சு அட்டார் இயந்திரத்துக்குப் பதிலாக அமெரிக்க ஜே79 இயந்திரத்தை இஸ்ரேல் பொருத்தியபோது உருவானதுதான் கிபிர். புதிய இயந்திரம் நீளத்தில் குறைந்தது, ஆனால் அதிகக் காற்றும் அதிகக் குளிர்த்தலும் வேண்டுவது. ஆகவே வால்பகுதி சற்றுக் குட்டையாகித் தடித்தது. காற்று வாய்கள் அகன்றன. நிமிர்ந்த வால் தொடங்கும் இடத்தில் பின்னெரிப்பானை (கூடுதல் உந்துவிசைக்காக இயந்திரத்தின் பின்புறத்தில் எரிபொருளை எரிக்கும் பகுதியை) குளிர்விக்கும் ஒரு தனிக் காற்று வாயும் வந்தது.

இவற்றுக்கான பிசின் உதிரிகளை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தேன். பொதியின் மேல் "போர் விமானம்" என்று எழுதப்பட்டிருந்த ஒரே காரணத்துக்காக, அது உள்ளங்கையளவு பிசின் துண்டு என்பதை மூன்று அலுவலக மேசைகளில் மூன்று தடவை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அது என் கைக்கு வந்தபோது பாதி உடைந்திருந்தது. அதன்பின் எல்லாம் வீட்டுச் சாமான்தான்.

வாலை மெல்லிய வாளால் அறுத்து, ஒரு சிறு வளையத்தை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டினேன். பக்கங்களை வாகனத் திருத்தகங்களில் பள்ளம் நிரப்பப் பாவிக்கும் பட்டிப் பசையால் தடிப்பாக்கி, அரத்தாளை நீரில் நனைத்து ஒரு கிழமை தேய்த்தேன். வாலடிக் காற்று வாய், குமிழ்முனைப் பேனா மூடியின் நுனியில் இருந்து வந்தது. எஃப்-4 பான்டமுக்கும் அதே ஜே79 இயந்திரங்கள் இரண்டு என்பதால், உடைந்து கிடந்த ஒரு பான்டம் மாதிரியின் புகைவாய்களில் ஒன்றைக் கழற்றி இதற்குப் பொருத்தினேன். இந்த முழு வேலையிலும் எனக்குப் பெருமையான இடம் அதுதான். முதல் தோற்றத்தைப் பார்த்து ஒன்றுமே சொல்லாத அம்மா, இதைப் பார்த்துவிட்டு, "உதை ஏன் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

ஆகவே நீங்கள் வாலில் தொடங்குங்கள். பிறகு காற்று வாய்கள், பிறகு மூக்கு, பிறகு இறக்கையின் முன்விளிம்பில் வரும் பல்போன்ற படி. சி.2 க்குப் பின்னர் வந்த சி.7 வகை வேண்டுமானால் காற்று வாய்களின் கீழே ஆயுதத் தாங்கிகள் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் விமானியறைக்கு உள்ளே என்பதால், இந்த அளவில் கண்ணுக்குத் தெரியா. செட்டைகளை நிறம் பூசி முடியும்வரை ஒட்டாமல் வையுங்கள், ஏனெனில் அரத்தாள் பிடித்த கையின் விரல் பட்டே என்னுடையவை மூன்று தடவை முறிந்தன.