எந்தப் பல்கலைக்கழகம்? பிளஸ் டூ முடித்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதிப்பெண் வந்துவிட்டது, கலந்தாய்வு இன்னும் தொடங்கவில்லை. வீடுகளில் வாக்குவாதம் அதிகம் நடப்பது இந்த நாட்களில்தான். சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, பொறியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மாணவர், அம்பத்தூர்: ஐயா, என் கட்-ஆஃப்புக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அச்சுத் தொழில்நுட்பம் கிடைக்கும் என்கிறார்கள். நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியலுக்கு இடம் உறுதி. அப்பா கிண்டியை விடாதே என்கிறார்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. பெயருக்கு மதிப்பு உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் வகுப்பில் போய் உட்காரப் போவது அப்பா இல்லையே, தம்பி.

இரண்டு இடங்களின் பாடத்திட்டத்தையும் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டை விட்டுவிடுங்கள். கணிதமும் இயற்பியலும் வேதியியலும் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாம் பருவம் முதல் ஆறாம் பருவம் வரையிலான பாடத் தலைப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள். மை, காகிதம், வண்ணம், பேக்கேஜிங் என்று வரும் தாள்களில் ஒன்றிரண்டாவது உங்களை இழுத்தால் கிண்டிக்கே போங்கள். மென்பொருள் சேவை நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து நடத்தும் வேலைத் தேர்வில் பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. கணினி வேலைக்கு வழி அடைபட்டுவிடாது. எதுவுமே இழுக்கவில்லை என்றால் பெயருக்காகப் போகாதீர்கள். பிடிக்காத பிரிவில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் நாலைந்து அரியரோடு ஆசிரியர் அறை வாசலில் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூவில் அவர்கள் யாரும் மதிப்பெண்ணில் குறைந்தவர்கள் இல்லை.

நிகர்நிலையில் பணம் கட்டுவதற்கு முன், கலந்தாய்வில் வரும், பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளில் கணினி சார்ந்த பிரிவுகள் சென்ற ஆண்டு எந்தக் கட்-ஆஃப்பில் முடிந்தன என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் முன்னால் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன என்று யார் சொன்னது?

மாணவி, மடிப்பாக்கம்: மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ஒரு கல்லூரி முன்னால் இருக்கிறது, மற்றொன்று இருபது இடம் பின்னால். முன்னால் இருப்பதையே எடுத்துவிடலாமா?

அந்தப் பட்டியலில் பொறியியலுக்கு ஆராய்ச்சிக்கு மட்டும் 30 விழுக்காடு. ஆசிரியர்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள் என்பது முனைவர் பட்டம் படிக்க வருபவருக்குப் பெரிய செய்தி. முதலாம் ஆண்டில் சேரும் உங்களுக்கு அவ்வளவு இல்லை. மேலும், கணக்கில் எடுக்கும் தகவல்களில் பெரும்பகுதி நிறுவனங்களே கொடுப்பவை.

ஆனால் அந்தத் தகவல் தொகுப்பிலேயே உங்களுக்கு உதவும் ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன என்று அதில் வரும். விளம்பரப் பலகையில் 'ஆண்டுக்கு 40 லட்சம்' என்று சிரிக்கும் முகம் ஒரே ஒரு பிள்ளையுடையது. இடைநிலை அளவு (மீடியன்), வகுப்பைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது. பள்ளியில் படித்த அதே கணக்குதான்.

அதன்பிறகு ஒரு வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிவாக்கில் இரண்டு இடங்களுக்கும் நேரில் போய் வாருங்கள். வரவேற்பறையில் கையேடு கொடுத்து காபியும் தருவார்கள். குடித்துவிட்டு நேராகத் துறைக்கு நடங்கள். ஆய்வகத்தில் கருவிகளில் மாணவர்கள் வேலை செய்கிறார்களா, மூடி போட்டு வைத்திருக்கிறார்களா? அறிவிப்புப் பலகையில் இருப்பது இந்தப் பருவத்துத் தாளா, போன வருடத்துத் தாளா? வாசல் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம், "இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் மாறினார்?" என்று கேளுங்கள். 'கல்லூரி எப்படி' என்று கேட்டால் 'நல்லா இருக்கும்' என்றுதான் பதில் வரும்.

தந்தை, வில்லிவாக்கம்: ஒரு நிகர்நிலையில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டோம். கலந்தாய்வில் நல்ல இடம் வந்தால் பணமும் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா?

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்கள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணம், அதில் செயலாக்கக் கட்டணமாக அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அதற்குப் பின், ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 விழுக்காடு. தேதி கடந்து 15 நாட்கள் வரை 80, ஒரு மாதம் வரை 50. அதற்குமேல் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் இன்னும் தாராளமாகவும் அறிவித்திருக்கிறார்கள். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

மாணவி, வியாசர்பாடி: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிதான். வீட்டில் நான்தான் முதலில் கல்லூரிக்குப் போகிறேன். ஒரு தனியார் பல்கலைக்கழகம் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்கிறது.

அந்தப் பாதியை மறந்துவிடுங்கள், அம்மா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். அங்கே நேரடியாகச் சேர்ந்தால் அந்த ஒதுக்கீடும் இல்லை, முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. 'பாதி' என்பது முதல் ஆண்டுக்கு மட்டுமா என்று அவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், பதில் சுவையாக இருக்கும்.

மாணவர், ராயப்பேட்டை: பி.ஏ. பொருளாதாரம். சென்னைப் பல்கலைக்கழகமா, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமா?

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில் நடப்பது பெரும்பாலும் முதுநிலையும் ஆராய்ச்சியும்தான். இளநிலைக்கு நீங்கள் போய்ச் சேருவது அதன் இணைப்புக் கல்லூரி ஒன்றில். ஆகவே திருவாரூரோடு எதை ஒப்பிடுகிறீர்கள்? மாநிலக் கல்லூரியா, லயோலாவா, தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியா? மூன்றும் தன்னாட்சி பெற்றவை, பாடத்திட்டம் அவரவருடையது. முதலில் கல்லூரியை முடிவு செய்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும்; பிற மாநில மாணவர்களோடு விடுதியில் இருந்து படிப்பது உங்களுக்கு ஒத்துவரும் என்றால் திருவாரூர் நல்ல இடம்.

மாணவி, பல்லாவரம்: கலந்தாய்வுக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் கிடைக்காது என்று தெரிந்ததை முதலில் போட்டால் மற்றதும் போய்விடுமா?

போகாது. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் காலியாக இருப்பதை ஒதுக்குவார்கள். பிடித்ததை மேலே போடுங்கள். கிடைத்தால் சேர மாட்டேன் என்பதை மட்டும் எங்கும் போடாதீர்கள்.

மாணவர், கொளத்தூர்: நண்பர்கள் நான்கு பேரும் ஒரே இடத்தில் சேர்கிறார்கள். நானும் அங்கேயே சேரட்டுமா?

இரண்டாம் ஆண்டில் ஐந்து பேருக்கும் வேறு வேறு நண்பர்கள் இருப்பார்கள்.

தாய், பெரம்பூர்: ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) இருக்கும் ஒரு கல்லூரியை மகளுக்குப் பிடித்திருக்கிறது. கல்லூரிப் பேருந்து வரும் என்கிறார்கள். விடுதி வேண்டாம் என்று நினைக்கிறோம்.

பேருந்து வரும், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டீர்களா? பெரம்பூரிலிருந்து என்றால் விடியற்காலையில் கிளம்பி, விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்ப முடியும். செய்முறைப் பதிவேடு எழுதும் வாரங்களில் தூக்கம்தான் முதலில் போகும். சேர்ப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, பேருந்து கிளம்பும் அதே நேரத்தில், நீங்களும் மகளும் அந்த வழியில் போய்ப் பாருங்கள். பிறகு விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.