நாலு வயசுப் பிள்ளைக்கு முதல் எழுத்து: கனடாவுக்குப் புதுசா வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கட கேள்வியை வடிவா வாசிச்சன். யாழ்ப்பாணத்தில இருந்து ரொறன்ரோ வந்து கொஞ்ச மாதம்தான் ஆகுது, நாலு வயசு மகள் செப்ரெம்பரில ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கிட்டா, அங்கை முன்பள்ளியில கொப்பியில எழுதின பிள்ளை இஞ்சை நாள் முழுக்க தண்ணியிலயும் மண்ணிலயும் விளையாடிப்போட்டு வாறா, எழுத்து எப்ப படிப்பிப்பினம், நாங்கள் வீட்டில தமிழ் எழுத்துச் சொல்லிக்குடுத்தால் ரெண்டும் சேர்ந்து குழம்பிடுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

பயப்பிடாதேங்கோ. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில கிண்டர்கார்டன் ரெண்டு வருசம், ஜூனியர், சீனியர் எண்டு. விளையாட்டுக்குள்ளால படிக்கிறதுதான் பாடத்திட்டமே, ரீச்சர் சும்மா விட்டிட்டு இருக்கிறா எண்டு நினைக்க வேண்டாம், அந்தத் தண்ணித் தொட்டியும் மண் தொட்டியும் கட்டை அடுக்கிறதும் எல்லாம் யோசிச்சு வைச்சதுதான். பெரும்பாலான வகுப்பில ரீச்சரோட சின்னப்பிள்ளைக் கல்வி படிச்ச இன்னொராளும் நிப்பினம். முதலாம் வகுப்புக்குப் போகேக்க கதை மாறும், 2023 செப்ரெம்பரில வந்த புது மொழிப் பாடத்திட்டத்தில ஒலியையும் எழுத்தையும் பொருத்தி வாசிக்கிறதை ஒழுங்குமுறையாப் படிப்பிக்கவேணும் எண்டு தெளிவா வைச்சிருக்கினம். அதனால ஆங்கிலத்தை அவையளிட்ட விட்டிட்டு தமிழை நீங்கள் தொடங்குங்கோ, அதையும் விளையாட்டாவே தொடங்குங்கோ.

எங்கட ஊரிலயும் தொடக்கம் பென்சிலோட இல்லைத்தானே. விஜயதசமிக்கோ தைப்பூசத்துக்கோ ஏடு தொடக்கேக்க பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு அரிசியிலதான் எழுதுவிக்கிறது, அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில மணலில. மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தவ, அவவின்ர முறையிலயும் சாண்ட் பேப்பரில வெட்டின எழுத்தைப் பிள்ளை விரலால தடவித்தான் பழகிறது. உங்கட மகள் பள்ளிக்கூடத்தில மண்ணுக்குள்ள கையை வைச்சிருக்கிறா எண்டால் அது எங்களுக்குப் புதுசான விசயமே இல்லை.

எந்த எழுத்தில தொடங்கிறது எண்டால், நான் சொல்லுறது "ம". எல்லாரும் அ-வில தொடங்குவினம், ஆனால் அ எழுதிறதுக்கு நாலு வயசுக் கைக்குக் கஷ்டம், சுழிச்சு வளைச்சு வரவேணும். ம அப்பிடி இல்லை, மேலையிருந்து இறங்கி, வலப்பக்கம் போய், ஏறி, உள்ளுக்க வளைஞ்சு வந்தால் சரி. அதைவிட முக்கியம் சத்தம். உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம்ம் எண்டு இழுத்துக்கொண்டே இருக்கலாம், க-வையோ ட-வையோ அப்பிடி இழுக்க ஏலாது. உதடு மூடுறது கண்ணாடியிலயும் தெரியும், கையை மூக்கில வைச்சால் அதிருறதும் தெரியும். அம்மா, மாமா, மாமி, அம்மம்மா எண்டு பிள்ளை நாள் முழுக்கச் சொல்லுற சத்தம்தானே. இன்னொண்டு, பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற எம் எழுத்துக்கும் இதே சத்தம், அதால குழம்பிறதுக்குப் பதிலா ஒண்டு மற்றதுக்கு உதவிதான் செய்யும். "பள்ளிக்கூடத்தில இந்தச் சத்தத்தை இப்பிடி எழுதுவம், வீட்டில இப்பிடி எழுதுவம்" எண்டு சொன்னால் பிள்ளையள் டக்கெண்டு பிடிப்பினம். ஒண்டு மட்டும் கவனம், "மானா" எண்டு எழுத்தின்ர பேரைச் சொல்லிப் பழக்காதேங்கோ, ம எண்ட சத்தத்தையே சொல்லுங்கோ, இல்லாட்டில் பேந்து மரம் எண்டு கூட்டி வாசிக்கிற நேரம் மானா ரானா எண்டு தடக்குப்படுவினம்.

முதல் கிழமை எழுதவே வேண்டாம், காதுக்குத்தான் வேலை. ஒரு துணிப்பைக்குள்ள மணி, மாலை, மஞ்சள் கட்டை, விளையாட்டு மீன், விளையாட்டு மாடு இதுகளைப் போட்டு அதோட ஒரு கரண்டியும் சீப்பும் போடுங்கோ. பிள்ளை கையை விட்டு ஒண்டொண்டா எடுத்துப் பேர் சொல்லவேணும், ம-வில தொடங்காதது எது எண்டு கண்டுபிடிச்சால் அது பைக்கு வெளியில. செத்தல் மிளகாயை மட்டும் போட்டிடாதேங்கோ, கை கண்ணுக்குப் போயிடும். குசினியில நிக்கேக்க முட்டை, மா, மீன், முருங்கைக்காய் எண்டு சொல்லிச் சொல்லிச் சமையுங்கோ, அதுவும் படிப்புத்தான்.

அம்மம்மாவையும் இதுக்குள்ள இழுங்கோ. ஊரில அவ இருக்கிறா எண்டால் வாட்ஸ்அப் வீடியோவில வீட்டு முற்றத்தைச் சுத்திக் காட்டச் சொல்லுங்கோ, பிள்ளை இஞ்சையிருந்து ம-வில வாறதெல்லாம் கத்திச் சொல்லட்டும், மாமரம், முருங்கை, மல்லிகை, மாடு, மதில். இந்த விளையாட்டு பிள்ளையளுக்கு எவ்வளவு பிடிக்கும் எண்டு சொல்லி முடியாது, அம்மம்மாவுக்கும் அப்பிடித்தான், சும்மா "சாப்பிட்டியா, குளிருதா" எண்டு கேட்டிட்டு வைக்கிற கோல் மாதிரி இருக்காது. நேரம் மட்டும் பாருங்கோ, கோடையில இஞ்சை காலமை ஏழு எண்டால் அங்கை பின்னேரம் நாலரை, நவம்பரில மணிக்கூட்டை மாத்தின பிறகு அஞ்சரை, அதுக்கு மேல பிந்தினால் முற்றம் இருட்டிப் போயிடும்.

பேந்து கைக்கு வாங்கோ. மாஸ்கிங் ரேப் வாங்கி நிலத்தில ஒரு கதிரை அளவுக்குப் பெரிய ம ஒட்டுங்கோ, அதில நடக்கட்டும், விளையாட்டுக் கார் ஓட்டட்டும், எங்கை தொடங்கிறது எண்டு பச்சைப் புள்ளி ஒண்டு வையுங்கோ. தட்டில ரவையோ அரிசிமாவோ பரப்பி விரலால எழுதலாம். ரெண்டு கப் கோதம்ப மா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணி போட்டுக் குழைச்சால் விளையாடுற மா ரெடி, உருட்டி நீளமாக்கி ம செய்யலாம், உருட்டேக்க விரலுக்குப் பலமும் வரும், அதுதான் பிறகு பென்சில் பிடிக்க உதவுறது. உப்பு கனக்க இருக்கிறபடியால் வாயில வைக்க விடாதேங்கோ. வின்ரரில சோறு வடிக்கேக்க குசினி யன்னல் புகார் பிடிக்கும், அதில எழுத விடுங்கோ. ஸ்னோ விழுந்தால் வெளியில தடியால எழுதலாம், கலர் தண்ணியை ஸ்பிறே போத்தலில ஊத்திக் குடுத்தால் பிள்ளை வீட்டுக்குள்ளயே வராது!

எனக்கு நல்லாப் பிடிச்சது பொட்டு விளையாட்டு. ம-வைப் பெரிசா ஒரு மட்டையில எழுதி பிள்ளையின்ர கையில ஸ்டிக்கர் பொட்டைக் குடுங்கோ. மேல பொட்டு வைச்சால் ம்ம்ம், பொட்டைக் கழட்டினால் ம. பக்கத்தில அரவு (ா எண்ட துணைக்கால்) ஒண்டை ஐஸ்கிறீம் குச்சியிலயும் கடதாசியிலயும் செய்து வைச்சால் மா. எங்கட சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில இதைச் செய்தால் பிள்ளையள் சண்டை பிடிச்சு வந்து வைப்பினம், புள்ளி எண்டால் என்ன எண்டு ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லவேண்டி வாறதே இல்லை.

எழுத்து திரும்பி விழுந்தாலோ தலைகீழா வந்தாலோ கத்தாதேங்கோ, இந்த வயசில அது எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் காணும், பிள்ளை எழும்பி ஓடினால் விட்டிடுங்கோ. வந்த சொந்தக்காரருக்கு முன்னால "எங்கை எழுதிக்காட்டு" எண்டு நிப்பாட்டுறதை மட்டும் தயவுசெய்து செய்யாதேங்கோ, எழுத்தில வெறுப்பு வாறதுக்கு அது ஒண்டே போதும்.

டொலர் கடைப் பயிற்சிக் கொப்பி, போன் அப் எல்லாம் வாங்கோணுமோ எண்டு கேட்டிருந்தீங்கள், இப்ப தேவையில்லை. ரொறன்ரோ நூலகத்தில அட்டை இலவசம், தமிழ்ப் பிள்ளையள் புத்தகமும் இருக்கு, எடுத்துக்கொண்டு வந்து ம எங்கையெங்கை இருக்கு எண்டு தேட விடுங்கோ. கைக்குழந்தையும் இருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள், ஏர்லி ஆன் சென்டர் எண்டு ஆறு வயசு வரைக்கும் இலவசமா விளையாட விடுற இடங்கள் இருக்கு, ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ம பிடிபட்ட பிறகு ப, அதின்ர பாதி ம எழுதேக்கயே பழகியிருக்கும். பிறகு ட, ஆனால் பள்ளிக்கூடத்தில எல் எழுத்துப் படிப்பிக்கிற கிழமை ட-வைத் தொடாதேங்கோ, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், சத்தம் வேற. ண, ன, ந, ல, ள, ழ எல்லாம் கனகாலம் கழிச்சுப் பாப்பம். மகளின்ர பேர் எந்த எழுத்தில தொடங்குது எண்டு எழுதுங்கோ, சில பிள்ளையளுக்குத் தன்ர பேரில இருந்து தொடங்கினால்தான் ஆசை வரும், அப்பிடியெண்டால் அந்த எழுத்துக்கு என்ன விளையாட்டு எண்டு சொல்லுறன்.