அப்பா கேட்ட கேள்வி

கேள்வி: நாள் முழுவதும் அலுவலகத்தில் முடிவெடுத்தே ஓய்ந்துபோகிறேன். வீட்டில் எதற்குச் சம்மதித்தேன் என்பதே நினைவில் நிற்பதில்லை. இரண்டு முழங்கால் மூட்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வதா, ஒவ்வொன்றாகவா என்று அப்பா கேட்டபோது, கைபேசியில் அலுவலகத்துக்குப் பதில் அனுப்பியபடியே "சரிப்பா" என்றேனாம். அவர் இரண்டுக்கும் சேர்த்தே தேதி வாங்கிவிட்டார். ஞாபக சக்தியை வளர்க்கப் பயிற்சி ஏதும் உண்டா?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது ஞாபக சக்தியைப் பற்றி, எனக்கோ அந்தச் "சரிப்பா"வைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. இதுவா அதுவா என்று கேட்ட மனிதருக்குச் "சரி" எப்படிப் பதிலாகும்? உங்கள் மேலதிகாரி இப்படி ஒன்றைக் கேட்டிருந்தால், கையிலுள்ளதை வைத்துவிட்டு, இன்னொரு முறை கேட்டுத் தெளிந்த பிறகே வாய் திறந்திருப்பீர்கள். அப்பா கோபித்துக்கொள்ளமாட்டார் என்ற தைரியத்தில்தான் அவருக்கு மிச்சம் மீதியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

காதில் விழுந்தும் மனத்தில் ஏறாத பேச்சை எந்தப் பயிற்சியும் மீட்டுத் தராது. சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், காணொளியில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், கொரில்லா வேடமிட்ட ஒருவர் ஆட்டக்காரர்களின் நடுவே வந்து மார்பில் அடித்துக்கொண்டு போனதைக் கவனிக்கவே இல்லை. கண்ணெதிரே நடந்ததற்கே அந்தக் கதி என்றால், நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் நின்று தயங்கித் தயங்கிப் பேசியவரின் குரல் எம்மாத்திரம்? ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். ஆகவே, கைபேசியிலிருந்து ஒரு நொடி தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. அந்த நிலையில், பேச்சை முடித்துவைக்கும் பதில் எதுவோ அதுவே முதலில் வாயில் வரும்.

மனித மனத்துக்கு இந்த வரம்பு இருப்பது உங்கள் குற்றமில்லை. அந்தக் கொஞ்சத்தில் முதல் பங்கை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதற்கு மட்டும் நீங்கள்தான் பொறுப்பு. அது பெற்றவர்களுக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களை வளர்த்தவர் தம் உடம்பைப் பற்றிய முடிவைத் தனியாக எடுக்க அஞ்சித்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

விடுமுறை நாளில், களைப்பு சேருமுன் காலையிலேயே, கைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு அவரருகே உட்காருங்கள். அவருக்கு எது பயமாக இருக்கிறது, நடக்க முடியாத நாட்களில் யார் உடனிருப்பது என்பதையெல்லாம் அவரையே சொல்லவிடுங்கள். பிறகு இருவருமாக மருத்துவரிடம் போங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றினால் உடலுக்குச் சுமை அதிகம். அவருடைய வயதும் இதயமும் அதைத் தாங்குமா என்று நீங்களே கேளுங்கள். தாங்காது என்றால், வாங்கிய தேதியை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.