கேதார்கண்டா பனியில் படுக்க எந்த மேட் வாங்கலாம்?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் கேதார்கண்டா ஏறப் போகிறோம். டிரெக்கிங் நிறுவனம் எதிலும் சேரவில்லை. சங்க்ரியில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பேசி வைத்திருக்கிறோம். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் இருக்கின்றன, மேட்தான் இல்லை. ஆன்லைனில் 1,400 ரூபாய்க்குக் காற்றடிக்கும் மேட் ஒன்று பார்த்தேன். அரைக் கிலோ எடை. ‘ஆர் மதிப்பு 6, மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும்’ என்று போட்டிருக்கிறது. வெளிநாட்டு மேட் 18,000 சொல்கிறார்கள். என் பட்ஜெட் 2,500. நான் ஒருக்களித்துப் படுப்பவன். அந்த 1,400 ரூபாய் மேட்டை வாங்கலாமா? – கோவை வாசகர்

பதில்: வேண்டாம். கார்ட்டில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

மேட் மெத்தென்று இருப்பதற்காக மட்டும் அல்ல. ஸ்லீப்பிங் பேக்கில் நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது. காற்று நிற்காவிட்டால் கதகதப்பும் இல்லை. கீழே இருந்து வரும் குளிரைத் தடுப்பது மேட் ஒன்றுதான். ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் டிகிரிக் கணக்கையே அடியில் ஒரு மேட்டைப் போட்டுத்தான் சோதித்து எழுதுகிறார்கள். மேட் மோசமானால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும்.

ஆர் மதிப்பு என்பது மேட் சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண். கீழே குளிர்ந்த தட்டு, மேலே சூடான தட்டு, நடுவில் மேட். மேல் தட்டு அதே சூட்டில் இருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். ஏஎஸ்டிஎம் எஃப் 3340 என்ற இந்தச் சோதனை முறை 2018இல் வந்தது. அதற்கு முன் ஆளுக்கொரு கணக்கு. இன்றும் இந்தச் சோதனையைச் செய்துதான் எண் போட வேண்டும் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. குழந்தை விளையாடும் பொம்மைக்கு 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பனியில் ஒருவனைப் படுக்க வைக்கும் மேட்டுக்கு விற்பவர் 6 என்றும் போடலாம், 9 என்றும் போடலாம். ஆன்லைன் தளமோ ‘நாங்கள் வெறும் சந்தை’ என்று கையை விரித்துவிடும்.

ஒன்றை யோசியுங்கள். நீங்கள் சொல்லும் 18,000 ரூபாய் ரகத்தில் பேர்போனது நியோஏர் எக்ஸ்லைட். இப்போது வரும் அதன் மாடலுக்கே ஆர் மதிப்பு 4.5தான். 1,400 ரூபாய்க்கு 6 எங்கிருந்து வரும்? காலால் மிதித்துக் காற்றடிக்கும் அந்த மேட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே வெறும் கூடுதான். பஞ்சும் இல்லை, பிரதிபலிக்கும் படலமும் இல்லை. உள்ளிருக்கும் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும். அவற்றின் உண்மையான மதிப்பு ஒன்று, ஒன்றரையைத் தாண்டுவது அபூர்வம். ஏற்காட்டில் படுக்கப் போதும். கேதார்கண்டா வழியில் கூடாரம் போடும் ஜூடா கா தாலாப் ஏரிப் பக்கம் டிசம்பர் இரவில் போதாது. நள்ளிரவில் ஓட்டை விழுந்தால் அந்த ஒன்றும் போய்விடும். அவசரக்காலப் பளபளப்புத் தாளை அடியில் விரித்தால் போதும் என்று ஒரு கூட்டம் சொல்லும். அதையும் கேட்காதீர்கள். முதுகு நேராகத் தாளை அழுத்தும்போது அது எதையும் பிரதிபலிக்காது.

உங்கள் பணத்துக்கு ஏற்றது ஃபோம்தான். அதற்கு டிரெக்கிங் கடைக்கே போக வேண்டியதில்லை. தகரக் கூரைக்கு அடியில் வெயில் தாங்க ஒட்டுகிறார்களே, எக்ஸ்எல்பிஇ ஃபோம், அதை விற்கும் கடைக்குப் போங்கள். 10 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். சுருளாக வைத்திருப்பார்கள், அகலம் ஒரு மீட்டரோ, கொஞ்சம் கூடவோ இருக்கும். ஆறடி நீளம் வெட்டி வாங்கி நடுவே கிழித்தால் ஒரு ஆளுக்கு இரண்டு மேட். ஒவ்வொன்றும் 270 கிராம் அளவில் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஆர் மதிப்பு ஏறக்குறைய ஒன்றரை. ஒன்றன்மேல் ஒன்று போட்டால் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம், ஆக மூன்று. பனிக்குக் குறைந்தது நான்கு வேண்டும் என்பதால் தோளிலிருந்து இடுப்புவரை மூன்றாவதாக ஒரு துண்டு. மொத்தம் 700 கிராம். ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

கடையில் ஒரு ஏமாற்று நடக்கும். டிவி பெட்டியில் வரும் வெள்ளை ஃபோமை, ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று தள்ளிவிடுவார்கள். கட்டை விரல் நகத்தை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பாக்கிங் ஃபோம் என்றால் சரசரவென்று சத்தம் வரும், பள்ளம் அப்படியே நிற்கும். நல்ல ஃபோம் சத்தமில்லாமல் நிமிர்ந்துவிடும். அலுமினியத் தாள் ஒட்டிய சரக்குதான் கிடைக்கிறது என்றால் வாங்கலாம்; பளபளப்பான பக்கத்தை இரண்டு அடுக்குக்கும் நடுவில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்லீப்பிங் பேக் இரவெல்லாம் வழுக்கும். யோகா மேட் வேண்டாம், அது கிட்டத்தட்ட ஒரு கிலோ.

இடம் அடைக்கும், உண்மை. இரண்டு அடுக்கையும் சேர்த்துச் சுருட்டினால் ஒரு சாண் விட்டம் வரும். பைக்கு வெளியே கட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள். சின்னத் துண்டை மடித்துப் பைக்குள் முதுகுப் பக்கம் செருகிவிடலாம்.

இனி உங்கள் ஒருக்களிப்பு. ஃபோம் போதும் என்ற பேச்சு உதைக்கும் ஒரே இடம் இதுதான். மல்லாந்து படுப்பவரின் எடை முதுகு முழுக்கப் பரவும். உங்களுக்கோ தோளும் இடுப்பெலும்பும் இரண்டு புள்ளியில் குத்தும். மூன்று சென்டிமீட்டர் ஃபோமிலும் சிலருக்கு வலிக்கத்தான் செய்யும். பனி இதற்கு ஒத்துழைக்கும். கூடாரம் போடுமுன் இடத்தை மிதித்துச் சமன் செய்வீர்கள் அல்லவா, அப்போதே படுத்துப் பார்த்து இடுப்பு வரும் இடத்தில் ஆழமில்லாத ஒரு குழி எடுத்துவிடுங்கள். மிதித்த பனி கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், பிறகு தோண்ட வராது. போட்டுக்கொள்ளாத உடுப்பை இடுப்புக்குக் கீழே, மேட்டுக்கு அடியில் மடித்து வையுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஏசியை 16இல் வைத்து வெறும் டைல்ஸ் தரையில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். நம் ஊர்க் காட்டிலேயே ஒத்திகை பார்க்கலாமே என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் 2018 குரங்கணித் தீக்குப் பிறகு நம் வனத்துறைக்குக் காட்டில் இரவு என்றாலே ஒவ்வாமை. 2024இல் திறந்த 40 டிரெக் தமிழ்நாடு பாதைகளும் பெரும்பாலும் பகல் நடைதான். அப்படியும் வலி பொறுக்கவில்லை என்றால் மட்டும் அந்தக் காற்று மேட்டை ஃபோமுக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள். மெத்தைக்காக மட்டும், குளிருக்காக அல்ல. பணமும் பட்ஜெட்டுக்குள் நிற்கும், அரைக் கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டும்.

டேராடூனில் இறங்கியதும் ‘பெர்மிட், மேட், மைக்ரோஸ்பைக் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்) எல்லாம் சேர்த்து ஒரே ரேட்’ என்று ஏஜென்ட் யாராவது வருவார். அந்த ‘எல்லாம் சேர்த்து’ என்பதில்தான் கொள்ளை. கேதார்கண்டா இருக்கும் கோவிந்த் சரணாலயத்துக்கு வனத்துறைச் சோதனைச் சாவடி நைட்வாரில் வழியிலேயே இருக்கிறது. பெர்மிட் வேலையை உங்கள் வழிகாட்டியே முடித்துத் தருவார், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மைக்ரோஸ்பைக்கைச் சங்க்ரியில் கண்ணால் பார்த்து, காலில் மாட்டிப் பார்த்து வாடகைக்கு எடுங்கள், அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.