லைப்சிக்கில் ஒரு சனிக்கிழமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் மயிலாடுதுறைக்காரன். ஜெர்மனியில் லைப்சிக்கில் எம்.எஸ்., முதல் வருடம். போன சனிக்கிழமை தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். தோமஸ் தேவாலயத்தில் இசையமைப்பாளர் பாக்கின் கல்லறை, நிக்கோலாய் தேவாலயம், கடைசியாக நெப்போலியன் போர் நினைவுச்சின்னம். எங்கேயும் மனசுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நிக்கோலாய் வாசலில் ஒரு பாட்டி தூணைக் காட்டி ஏதோ சொன்னார். ‘குழந்தை’, ‘மூன்று மணி’ என்பது மட்டும் புரிந்தது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நினைவுச்சின்னத்தின் உச்சியில் நின்றபோது கல்விக்கடன்தான் ஞாபகம் வந்தது. அப்பா வட்டி கட்டுகிறார், நான் வேடிக்கை பார்க்கிறேன். எனக்கு ரசனைதான் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

பாக்கின் கல்லறை என்பது தரையில் பதித்த ஒரு பலகை, அதில் அவர் பெயர். அதைப் பார்த்து உருக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. 1723 முதல் 1750இல் சாகும்வரை அவர் அந்த ஊரில் பையன்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து, வாராவாரம் தேவாலயத்துக்கு இசை எழுதிக்கொண்டிருந்தார். அதே சிறுவர் குழு இன்றும் பள்ளி நடக்கும் காலத்தில் வெள்ளி மாலையும் சனி பிற்பகலும் அங்கே பாடுகிறது. நீங்கள் போனதே சனிக்கிழமை! சங்கீதக்காரரைக் கண்ணால் பார்க்கப் போனால் இப்படித்தான் ஆகும்.

அந்தப் போர் நினைவுச்சின்னம் எனக்கும் பிடித்ததில்லை. 91 மீட்டருக்குக் கல்லை அடுக்கி, 1813இல் நெப்போலியன் தோற்றதன் நூற்றாண்டுக்கு 1913இல் திறந்தார்கள், அடுத்த வருடமே முதல் உலகப்போர். பார்க்கிறவனைச் சின்னவனாக உணர வைப்பதற்கென்றே கட்டிய இடம் அது, அங்கே நின்றால் கடன் ஞாபகம் வராமல் வேறு என்ன வரும்?

ஆனால் அந்தப் பாட்டியை நீங்கள் இப்படி இரண்டு வரியில் தாண்டிப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. தேவாலயத்துக்குள் தூண்களின் உச்சியில் பச்சை ஓலை விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று எழுந்து வெளியே வந்து நிற்பது மாதிரி சதுக்கத்தில் ஒரு தூண் வைத்திருக்கிறார்கள். உள்ளே திங்கட்கிழமைதோறும் பிரார்த்தனைக்குக் கூடியவர்கள் பிறகு கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள் இல்லையா, அதற்காக. 1989 அக்டோபர் 9, அதுவும் திங்கட்கிழமைதான். சுமார் 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு நகரத்தின் வட்டச்சாலையில் நடந்தார்கள். துப்பாக்கிச்சூடு நடக்கும் என்று ஊரே நம்பியது, சீனாவில் தியானன்மென் சதுக்கப் போராட்டக்காரர்களை ராணுவம் சுட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிகளில் கூடுதலாக ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள். நகர மையத்துப் பாலர் பள்ளிகளில், மூன்று மணிக்குள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னார்கள்.

குழந்தை, மூன்று மணி. அவர் என்ன சொன்னார் என்பது இப்போது ஓரளவு புரிகிறதா? அநேகமாக அன்று பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு நடக்கப் போனவர், அல்லது போகப் பயந்து வீட்டிலேயே இருந்தவர். இரண்டில் எது என்று கேட்க ஜெர்மன் வேண்டும், சரி, இன்னும் ஆறு மாதத்தில் வந்துவிடும். அன்று ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

கடன் விஷயம். அன்று நீங்கள் அறையிலேயே படுத்துக் கிடந்திருந்தாலும் வட்டி ஒரு பைசா குறைந்திருக்காது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க விடும் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், மாதம் 992 கைக்கு வரும். வாடகை, இன்சூரன்ஸ், அரிசி பருப்பு போக மிஞ்சுவதில் ஒரு டிராம் பயணம், ஒரு காபி. இதற்கா குற்றவுணர்வு? அப்பாவுக்கு போட்டோ அனுப்பியிருப்பீர்கள், அவரும் கட்டைவிரலைப் போட்டிருப்பார். அடுத்த முறை போனில் பேசும்போது அந்த மூன்று மணிக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வட்டி கட்டுகிறவருக்கு இந்த மாதிரி ஏதாவது வந்து சேர வேண்டாமா?

அப்புறம், மயிலாடுதுறைக்காரர் நீங்கள், தரங்கம்பாடிக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். 1706இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். அப்போது அவருக்கு உங்கள் வயதுதான், 24. பத்தே வருடத்தில் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் அச்சாகி வந்தது. அது அச்சான ஊர் ஹாலே, உங்கள் அறையிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் சொச்சம், செமஸ்டர் டிக்கெட்டிலேயே போய்விடலாம். அங்கே ஃபிராங்கே அறக்கட்டளை என்று கேளுங்கள். நம் பக்கத்து ஓலைச்சுவடிகள் முந்நூறு வருடமாக அங்கே இருக்கின்றன. பழைய அனாதை இல்லத்தின் மாடியில் அந்தக் காலத்து அருங்காட்சியகத்தையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.